சாம்பலாற்றின் மேல் ஒரு பாலம்

மதிப்பும் அன்பும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதுவது. இங்கே நானும் உங்கள் மாமியாரும் நலம். அங்கே நீங்களும் எங்கள் பெண்ணும் நலமாகவே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இல்லையென்றால் அவளே கூப்பிட்டுச் சொல்லியிருப்பாள். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று உங்களுக்குத் தோன்றலாம். போனில் நான் ஒரு வாக்கியத்தைத் தொடங்கி முடிப்பதற்குள் "அப்பா, விஷயத்துக்கு வாங்க" என்று உங்கள் மனைவி சொல்லிவிடுகிறாள். விஷயத்துக்கு வர எனக்கும் வழி தெரியும்; ஆனால் அது கொஞ்சம் சுற்றுவழி. காகிதம் குறுக்கே பேசாது.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஆசையாக அனுப்பிய 'சாம்பலாறு' வீடியோ விளையாட்டின் இரண்டாம் பாகம் பத்திரமாக வந்து சேர்ந்தது. பெட்டியின் மூலைகூட நசுங்கவில்லை. அருமையான பரிசு. இதற்குக் கீழே நான் எழுதப்போகும் எதையும் பரிசைப் பழிப்பதாக நீங்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது. குறை பரிசில் இல்லை, பாலத்தில் இருக்கிறது. அதையும் குறை என்று நிச்சயமாகச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. வாழ்நாள் முழுக்க வானிலை அலுவலகத்தில் உட்கார்ந்து 'மழை பெய்யலாம்' என்றே எழுதி ஓய்வு பெற்றவன் நான். 'பெய்யும்' என்று ஒரு நாள்கூட எழுதியதில்லை.

வரிசையாகச் சொல்கிறேன். நீங்களும் எங்கள் பெண்ணும் முதல் பாகத்தை விளையாடித்தான் ஒருவரையொருவர் தெரிந்துகொண்டீர்கள் என்பது இரண்டு வீட்டாருக்கும் பிற்பாடு தெரிந்த செய்தி. கல்யாணம் முடிந்து நீங்கள் இருவரும் விமானம் ஏறியபோது உங்கள் விளையாட்டுப் பெட்டி உங்கள் அப்பா வீட்டிலும், அவளுடையது எங்கள் வீட்டிலும் தங்கிவிட்டன. சம்பந்தியம்மா காலமான பிறகு ஒரு சாயங்காலம் உங்கள் அப்பா எனக்குப் போன் செய்தார். "சம்பந்தி, தொந்தரவுக்கு மன்னிக்கணும். பையன் பெட்டியில ஒரு விளக்கு எரியுது. தங்கள் வீட்டுப் பெட்டியிலயும் எரியுதான்னு பார்த்துச் சொல்ல முடியுமா?" என்றார். பார்த்தேன், எரிந்தது. அணைப்பதற்கு இருவரும் ஆளுக்கொரு பொத்தானை அழுத்தப்போய், ஆற்றங்கரையில் ஒரு படகுத்துறையில் போய் நின்றோம். அவர் கையில் கோடரி, என் கையில் மருந்துப் பை.

நாங்கள் 'அப்பப்போ' விளையாடுவதாக உங்களிடம் சொல்லி வைத்திருந்தோம். அப்பப்போ என்றால் தினமும் சாயங்காலம். நீங்கள் அறிவீர்கள், முதல் பாகத்தில் ஆற்றைக் கடக்க இரண்டு பேர் வேண்டும். படகுக்கு இரண்டு துடுப்பு. ஒருவர் மட்டும் போட்டால் படகு நின்ற இடத்திலேயே சுற்றும். அந்தச் சட்டம்தான் எங்களைச் சேர்த்து உட்கார வைத்தது. நேரில் பார்த்தால் நாங்கள் எப்படிப் பேசிக்கொள்வோம் என்று உங்களுக்கே தெரியும். "தாங்கள் வரணும்", "தங்கள் தயவு", அதற்கப்புறம் இருவரும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்போம். ஆனால் ஹெட்போனை மாட்டிக்கொண்டு படகில் ஏறிவிட்டால் உங்கள் அப்பா வேறு மனிதர். "யோவ், எங்கய்யா வேடிக்கை பார்த்துட்டு நிக்கிற? மருந்தைப் போடுய்யா, சாகறேன் இங்க" என்பார். நானும் ஒரு நாள், என்னையறியாமல், "ஏன்யா முந்திக்கிட்டு ஓடுற, பூதத்துக்கு நீ என்ன மாமனா மச்சானா?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் யாரைக் கேட்டோம் என்று உறைத்தது. பையனைப் பெற்ற சம்பந்தியை இப்படிக் கேட்கலாமா? அவரோ விழுந்து விழுந்து சிரித்தார். மனிதரை நான் சிரிக்கக் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கும், அலுவலகத்தை விட்டு வந்த பிறகு என்னை யோவ் என்று கூப்பிட ஆளே இல்லாமல் இருந்தது. சார் என்கிறார்கள், பெரியவர் என்கிறார்கள், தாத்தா என்கிறார்கள். யோவ் என்று கூப்பிடுகிறவனுக்குத்தான் நாம் இன்னும் ஏதோ வேலைக்கு ஆவோம் என்ற நம்பிக்கை இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. தவறாகவும் இருக்கலாம்.

உங்கள் மாமியார் சமையலறையிலிருந்து "போதும், சாப்பிட வாங்க" என்று குரல் கொடுத்ததும் விளையாட்டு முடியும். அந்தக் குரல் மைக் வழியாக அங்கேயும் கேட்கும். "சரிய்யா, உத்தரவு வந்துடுச்சு, நானும் எந்திரிக்கிறேன்" என்பார் உங்கள் அப்பா. எழுந்து போய்த் தட்டு எடுக்கும் சத்தம் எனக்குக் கேட்கும். அதற்குப் பிறகுதான் நான் ஹெட்போனைக் கழற்றுவேன்.

இந்த நிலையில் இரண்டாம் பாகம் வந்தது. இரண்டு வீட்டுக்கும் ஆளுக்கொன்று நீங்கள் அனுப்பியிருந்தீர்கள். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஆறு வந்தது, கரை வந்தது. துறையைக் காணோம். படகைக் காணோம். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நீளமாகக் கல்லில் ஒரு பாலம் கட்டி வைத்திருக்கிறார்கள். கதாநாயகன் தனியாக நடந்துபோனால் போதும். துணைக்கு ஒரு ஓநாய் வரும். அது பேசாது, யாரையும் யோவ் என்று சொல்லாது. இரண்டாவது ஆள் சேர எங்கே அழுத்த வேண்டும் என்று எல்லாப் பொத்தானையும் அழுத்திப் பார்த்தேன். ஓநாய் உட்கார்ந்தது, எழுந்தது, ஊளையிட்டது. உங்கள் மாமியார் வந்து பார்த்துவிட்டு, "அதையாவது சாப்பிடக் கூப்பிடட்டுமா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

உங்கள் அப்பாவைக் கேட்கலாமென்று போன் செய்தேன். "மாப்பிள்ளை அனுப்பியது எப்படி இருக்கு?" என்றேன். "பிரமாதம் சம்பந்தி. பாலத்தைப் பார்த்தீங்களா? வளைவு ஒவ்வொண்ணும் கணக்கா கட்டியிருக்கான்" என்றார். பொதுப்பணித் துறையில் பாலம் கட்டி ஓய்வு பெற்றவர், அவர் வேறென்ன சொல்வார். மேலும் மகன் அனுப்பியது. "ஆமாம், நல்ல பாலம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அன்றோடு சாயங்காலங்கள் நின்றன. பழைய பாகத்தையே விளையாடலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். புதியதை ரசித்துக்கொண்டிருக்கிற மனிதரை, என் தனிமைக்காகப் பழையதற்கு வா என்று எந்த முகத்தோடு கூப்பிடுவது?

இந்த ஏக்கத்தை எங்கேயாவது இறக்கி வைக்க வேண்டுமென்று, இணையத்தில் இந்த விளையாட்டின் ரசிகர்கள் கூடிப் பேசும் பக்கத்துக்குப் போனேன். எல்லோரும் கொதித்துக்கொண்டிருந்தார்கள். வாள் கனமில்லை, பூதம் பயமுறுத்தவில்லை, கதை பாதியில் படுத்துவிட்டது என்று ஆளுக்கொரு குறை. நான் 'பழைய பயணி' என்று பெயர் வைத்துக்கொண்டு, 'மதிப்பிற்குரிய ரசிகப் பெருமக்களுக்கு' என்று தொடங்கி, பாலம் ஒருவேளை தேவையற்றதாக இருக்கலாமோ என்ற ஐயத்தைப் பணிவுடன் எழுதினேன். காலையில் பார்த்தால் ஒரு கட்சியே உருவாகியிருந்தது. படகுக் கட்சி. தலைவர் நான். ஒருவர் மட்டும் எதிர்த்து எழுதியிருந்தார். பெயர், 'உறுதியான தூண்'. "பாலம் பிடிக்காதவர் நீந்திப் போகலாம். யாரும் தடுக்கவில்லை" என்று இரண்டே வரி. அவருக்குப் பின்னால் பாலக் கட்சி திரண்டது. தூண் என்ற பெயரைப் பார்த்தாவது எனக்குப் புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை. மாப்பிள்ளை, எனக்குக் கோபம் வந்தது. "தூணுக்கு நின்ற இடத்தில் நிற்கத்தான் தெரியும்" என்று பதில் எழுதினேன். அனுப்பிவிட்டு, போய்ப் படுத்துக்கொண்டேன். படபடப்பு அடங்கவில்லை. அதற்கு அவர், "ஒழுகும் படகில் உட்கார்ந்து பெருமை பேசுகிறார் பெரியவர்" என்றார். இப்படியே வாரக்கணக்கில் போயிற்று. வெட்கத்தை விட்டுச் சொன்னால், சாயங்காலம் ஆனதும் தூண் என்ன எழுதியிருக்கிறார் என்று பார்க்க எனக்கு ஒரு ஆவல் பிறந்திருந்தது.

ரசிகர்களில் ஒரு பல் டாக்டரம்மா உண்டு. திரையில் அடித்துக்கொள்வதைவிட நேரில் பேசித் தீர்க்கலாம் என்று, விடுமுறை நாளில் தன் கிளினிக்கின் காத்திருப்பு அறைக்கு எல்லோரையும் அழைத்தார். மாத்திரை போட்டுக்கொண்டு போனேன். சுவரெல்லாம் பல்வரிசைப் படங்கள். நாற்காலிகளை இரண்டாகப் பிரித்துப் போட்டிருந்தார்கள். என் பக்கத்துத் தளபதி, டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர், "வாங்க தலைவரே, இன்னிக்கு அந்தத் தூணைப் பேத்து எடுத்துடுவோம்" என்று கையைப் பிடித்தார். அப்போது கதவு திறந்தது. செருப்பைக் கழற்றிக்கொண்டே உங்கள் அப்பா நிற்கிறார்.

"வாங்க சம்பந்தி" என்றேன், என் வாய் தானாகச் சொன்னது. "தாங்கள் எங்கே இங்கே? பல் வலியா?" என்றார். "இல்லை, தங்களுக்கு?" என்றேன். டாக்டரம்மா இருவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "இவர்தான் பழைய பயணி, இவர்தான் உறுதியான தூண்" என்று அறிமுகம் செய்து வைத்தார்.  என் மனதில் ஓடியதெல்லாம் ஒன்றுதான். பெண்ணைக் கொடுத்த இடத்தில், மாப்பிள்ளையின் தகப்பனாரை, ஊரறியத் தூண் என்று ஏசியிருக்கிறேன்.

முதலில் பேச என்னை அழைத்தார்கள். நான் எழுந்து, "தீர யோசித்ததில் பாலம்தான் சரி என்று தெரிகிறது. உறுதியான, அழகான பாலம்" என்றேன். உடனே உங்கள் அப்பா எழுந்து, "இல்லை, நான் சொன்னதுதான் தப்பு. படகுக்கு ஈடாகாது. பாலம் சுத்த மோசம்" என்றார். "பாலம் மோசமில்லை சம்பந்தி, தாங்கள் பெருந்தன்மையில் சொல்றீங்க." "படகுதான் உசத்தி. தாங்கள் அடக்கத்தில் சொல்றீங்க." டிரைவிங் ஸ்கூல்காரர் எழுந்துவிட்டார். "என்ன சார் இது, யு டர்ன் அடிக்கிறதுக்கு ஒரு இண்டிகேட்டராவது போட வேண்டாமா?" என்றார். டாக்டரம்மா சமாதானமாக, "சரி, பாலத்தைத் தாண்டி வர்ற கதையைப் பத்தியாவது ரெண்டு பேரும் சொல்லுங்க" என்றார். நான் விழித்தேன், மாப்பிள்ளை. நான் இன்னும் பாலத்தில் ஏறவே இல்லை. உங்கள் அப்பா எதிர்ச் சுவரில் இருந்த கடைவாய்ப் பல் படத்தை ஆழ்ந்து படித்துக்கொண்டிருந்தார். கூட்டம் அத்தோடு கலைந்தது. இரண்டு கட்சிக்கும் இப்போது தலைவர் இல்லை.

பஸ் நிறுத்தத்தில் இருவரும் நின்றோம். அவர் பஸ் ஒரு பக்கம், என்னுடையது மறுபக்கம். அப்போதுதான் கவனித்தேன். அவர் சட்டைக் காலர் கழுத்தில் ஒட்டாமல் தொளதொளவென்று நின்றது. கையில் ஒரு ரொட்டிப் பாக்கெட். "ராத்திரிக்கா?" என்று கேட்டேன். "அது போதும், சம்பந்தி. தனி ஆளுக்கு எதுக்குச் சமைச்சு" என்றார். "பழைய துறைக்கு வருகிறாயா?" என்று கேட்க வேண்டும், மூன்று சொல். தொண்டை வரை வந்தது. "பார்த்துப் போங்க" என்று சொல்லிவிட்டேன். பஸ் வந்து அவரை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. வீட்டுக்கு வந்து உங்கள் மாமியாரிடம் சொன்னேன். "நீங்க விளையாட்டை நிறுத்தின நாலு மாசமாவா ரொட்டி? நீங்க ரெண்டு பேரும் ஆம்பளைங்கதானே, வாயைத் திறந்து கேட்டா முத்தா உதிர்ந்துடும்?" என்றாள்.

ஆகவே என் வேண்டுகோள் இது. நீங்களாகவே நினைத்துக்கொண்டதுபோல, போகிற போக்கில், "அப்பா, பழைய பாகம் இன்னும் பெட்டியில இருக்கா?" என்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். நான் சொன்னதாகத் தெரியக் கூடாது. என் விஷயம் பெரிதில்லை. நான் செய்தித்தாளைப் படித்துப் பொழுதைக் கழித்துவிடுவேன், விளையாட்டையே மறந்துவிட்டேன் என்றுகூடச் சொல்லலாம். அவர் வேளைக்கு எழுந்து சாப்பிட வேண்டும், அவ்வளவுதான். தூண் என்று எழுதியதற்கு உங்களிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளோடு, வேளைக்குச் சாப்பிட்டு, ஒருவருக்கொருவர் பேச்சுத் துணையாக இருக்க எங்கள் ஆசிகள். எங்கள் பெண்ணிடம் கடிதத்தைக் காட்ட வேண்டாம். காட்டினால், விஷயம் கடைசிப் பத்தியில் இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நலம் நாடும் மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டிய பிறகு பிரித்து இதை எழுதுகிறேன். விளையாட்டை மறந்துவிட்டேன் என்று மேலே எழுதியது பொய். தினமும் சாயங்காலம் பழைய பாகத்தைப் போட்டு, துறையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் அணைக்கிறேன். இன்றும் பசை காயும்வரை நிற்கலாமென்று போனேன். படகில் யாரோ ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார், மடியில் கோடரி. ஹெட்போனைத் தேடி எடுத்து மாட்டினேன். "யோவ், எவ்வளவு நேரம்யா உட்கார்ந்திருக்கிறது? துடுப்பை எடு" என்றது குரல். பாலம் என்ன ஆச்சு என்றேன். "பாதி தூரம் போய்த் திரும்பிட்டேன்யா. நல்ல பாலம்தான். பக்கத்துல ஆளில்லாம நல்ல பாலத்தை வெச்சுக்கிட்டு என்ன பண்றது?" என்றார். எனவே நீங்கள் அவரிடம் எதுவும் கேட்க வேண்டாம். மேலே உள்ள அனைத்தையும் எழுதாததாகக் கருதவும். ஸ்டாம்ப் ஒட்டிவிட்டதால் மட்டுமே அனுப்புகிறேன். ஆற்றில் பாதி தூரம் போயிருப்போம், உங்கள் மாமியார் உள்ளிருந்து, "போதும், ரெண்டு பேரும் எந்திரிச்சுச் சாப்பிடுங்க" என்று மைக்குக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னாள். அங்கே தட்டு எடுக்கும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகுதான் கழற்றினேன்.