மகள் போட்ட முதல் கேஸ்

பாசமுள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அண்ணியும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். மனசுக்கு என்ன என்பதைக் கீழே விவரமாக எழுதியிருக்கிறேன். அங்கே நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் கடிதம் கிடைத்தது. "கவலைப்படாதீங்கண்ணா, போக்குவரத்து இலாகாவுல நமக்கு வேண்டிய பெரிய மனுஷர் ஒருத்தர் இருக்கார், உங்க ரெக்கார்டுல ஏறின கேஸ இருந்த இடம் தெரியாம அழிச்சிடலாம்" என்று எழுதியிருந்தாய். படித்துக் கண் கலங்கிவிட்டது. ஆனால் தம்பி, உனக்குப் புண்ணியமாகப் போகட்டும், அந்தக் காரியத்தை மட்டும் செய்துவிடாதே. உன் அண்ணி போனில் அழுதுகொண்டே சொன்னதைத்தான் நீ கேட்டிருப்பாய். அவள் அழுதால் பாதி விஷயம் மூக்கோடு போய்விடும். நடந்ததை நான் சொல்கிறேன்.

அன்றைக்கு என் டிரைவிங் ஸ்கூலில் என்னோடு வெகுகாலம் சொல்லிக்கொடுத்த வாத்தியார் ஓய்வு பெறுகிறார் என்று மதியம் ஓட்டலில் விருந்து. யாரோ கிளாஸை நீட்டினார்கள், நானும் வாங்கிக்கொண்டேன். அவர் போகிறாரே என்ற துக்கத்தில் முதல் கிளாஸ், துக்கம் கொஞ்சம் குறைந்துவிட்டதே என்ற சந்தோஷத்தில் இரண்டாவது. சாயங்காலம் ஸ்கூல் காரையே எடுத்துக்கொண்டு கிளம்பினேன். முன்னாலும் பின்னாலும் சிவப்பில் 'எல்' போர்டு, கதவில் கொட்டை எழுத்தில் 'நிதானமே எங்கள் பாடம்'. மேம்பாலம் இறங்கும் இடத்தில் போலீஸ்காரர்கள் தடுப்பு போட்டு சந்தேகப்பட்ட வண்டிகளை நிறுத்தி ஊதச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். என் காருக்கு நேரே கையைக் காட்டியது யார் என்கிறாய்? நம் வாயாடிதான்! நான் பெற்ற மகள்தான்!

அவள் போக்குவரத்துக் காவலில் சேர்ந்து பயிற்சிக் காலம் இன்னும் முடியவில்லை என்பது உனக்குத் தெரியும். வீட்டில் அந்த வாய் பேசுகிறவள் ரோட்டில் நின்றால் வெண்ணெயாக உருகிவிடுகிறாள் என்பது உனக்குத் தெரியாது. யாராவது முகத்தைத் தொங்கப்போட்டு "வீட்ல உடம்பு சரியில்லம்மா" என்றால் போதும், "பாத்துப் போங்க" என்று அனுப்பிவிடுவாள். அதுவரை ஒரு கேஸ்கூடப் போட்டதில்லை. அவளுடைய இன்ஸ்பெக்டர், "நீ போலீஸா, இல்ல எல்லாரையும் வழியனுப்ப வந்திருக்கியா? இப்படியே இருந்தா உன்ன ஆபீஸ்ல ஃபைல் அடுக்கத்தான் போடணும்" என்று சொல்லிவிட்டார். ரோட்டில் நிற்கிற வேலைதான் வேண்டும் என்று அடம்பிடித்துச் சேர்ந்த பெண், அதைக் கேட்டு ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடாமல் இருந்தாள்.

அதனால் அவளைப் பார்த்ததும் எனக்கு நிம்மதிதான். ஊர்பேர் தெரியாதவனையே விடுகிறவள் அப்பனை விடமாட்டாளா? கண்ணாடியை இறக்கி, "என்னம்மா, இன்னிக்கு இங்கயா டூட்டி?" என்றேன். "சார், இஞ்சின ஆஃப் பண்ணுங்க" என்றாள். சார்! சுருக்கென்றது. ஆனாலும் பார், காருக்கு முன்னால் நிற்காமல் கதவுக்குக் கொஞ்சம் பின்னால் ஒதுங்கி நின்றிருந்தாள். வண்டி திடீரென்று நகர்ந்தாலும் அடிபடாத இடம், நான் சொல்லிக்கொடுத்தது! பக்கத்தில் நின்ற அவளுடைய இன்ஸ்பெக்டர் என் முகத்தையும் கதவில் இருந்த எழுத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அப்பாவா? நீ தள்ளிக்கம்மா, நான் பாத்துக்கறேன்" என்றார். அவள் நகரவில்லை. "நான் நிறுத்தின வண்டி சார், நானே பாக்கறேன்" என்றாள். மிஷினை வாயருகே நீட்டினாள். நான் கெட்டிக்காரத்தனமாக மூச்சை உள்ளே பிடித்துக்கொண்டு கன்னத்தை மட்டும் உப்பினேன். "சார், கன்னத்த ஊதாதீங்க, குழாய ஊதுங்க" என்றாள். ஊதினேன். மிஷின் கத்தியது. "எவ்வளவு குடிச்சீங்க?" "ஒரே ஒரு கிளாஸ்." "என்ன சைஸ் கிளாஸ்?" அந்தக் கேள்வியில் நான் விழுந்துவிட்டேன் தம்பி. இரண்டு கிளாஸ், அதுவும் பெரிய கிளாஸ் என்று நானே ஒப்புவித்தேன். அடுத்து என் பெயரைக் கேட்டாள். "உனக்குத் தெரியாதா?" "நீங்க சொல்லணும் சார்." "உங்க அப்பா பேரு?" "உன் தாத்தாடி!" "பேரச் சொல்லுங்க சார்." எழுதும்போது அவள் கை நடுங்கியது, ஆனால் ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை.

"நான் நல்லாத்தாம்மா ஓட்டிட்டு வந்தேன்" என்றேன். அப்போதுதான் குரலைத் தாழ்த்தி ஒன்று சொன்னாள். பாலம் இறங்குகிற இடத்தில் ஒரு பெண் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு ரோட்டைக் கடந்தாளாம், என் கார் அவளை உரசாத குறையாகத் தாண்டி வந்ததாம், அதைப் பார்த்துத்தான் என்னை நிறுத்தினாளாம். திரும்பிப் பார்த்தேன். அந்தப் பெண் நடைபாதையில் குழந்தையைத் தூக்கி மார்போடு சேர்த்துக்கொண்டு நின்றிருந்தாள். நான் அவளைப் பார்க்கவே இல்லை, தம்பி. எத்தனையோ பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லிக்கொடுத்த எனக்கு எதிரே போன மனுஷி தெரியவில்லை. ஏறியிருந்த போதை அத்தனையும் அந்த நிமிஷத்தில் இறங்கிவிட்டது. பிறகு என் மகளே ஒரு வாடகைக் காரைப் பிடித்து என்னை ஏற்றிவிட்டு, "எங்கப்பா, பத்திரமா கொண்டுபோய் விடுங்கண்ணா" என்று டிரைவரிடம் சொன்னாள். கார் திரும்பும்வரை சல்யூட் அடிக்காத குறையாக நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இனி தண்டனை. அபராதம் கட்டியாகிவிட்டது. லைசென்ஸ் ஆறு மாதத்துக்கு முடக்கம். சொல்லிக்கொடுக்கிற அனுமதி ஒரு வருஷத்துக்குக் கிடையாது, அதுவரை ஸ்கூல் தாக்குப்பிடிக்குமா என்பது சந்தேகம்தான். மறுபடி குடித்துவிட்டு ஓட்டி மாட்டினால் கம்பி எண்ண வேண்டும். இதெல்லாம் என் ரெக்கார்டில் பத்து வருஷம் இருக்கும், கட்டணம் கட்டினால் எவன் வேண்டுமானாலும் அதில் ஒரு நகல் வாங்கலாம். விலாசத்தை மட்டும் மறைத்துக் கொடுப்பார்கள். நானும் இலாகா ஆபீசுக்குப் போய் ஒரு நகல் கேட்டேன். "உங்களுது இப்ப நல்லா போகுது சார், நேத்துகூட ஒருத்தர் வாங்கிட்டுப் போனார்" என்றார் குமாஸ்தா. யாரென்று பார்த்தால் எதிர்வரிசை டிரைவிங் ஸ்கூல்காரன்! கடைக் கண்ணாடியில் அதை ஒட்டிவைத்து, மேலே 'குடிகாரரிடம் கற்காதீர்' என்று எழுதியிருந்தான். நான் நேரே போய் அதன் பக்கத்தில் நின்றுகொண்டேன். போகிறவர் வருகிறவரை எல்லாம் கூப்பிட்டு, "குற்றவாளி நான்தான், அத விடுங்க, கீழ பாருங்க, பிடித்த அதிகாரின்னு போட்டிருக்கே, அது என் பொண்ணு" என்று காட்டினேன். சிலர் கைகொடுத்தார்கள். ஒரு அம்மாள், "இப்படிப் பொண்ண வளத்தவர்கிட்டதான் என் பையன் கத்துக்கணும்" என்றார். அவன் வெளியே வந்து, "என்னய்யா, ஒட்டினது நான், பேரு உனக்கா?" என்று எரிந்து விழுந்தான். "நகல்ல அதிகாரி பேரு மங்கலா இருக்கு, இன்னும் பெருசா ஒண்ணு எடுத்து ஒட்டு" என்றேன். சாயங்காலத்துக்குள் கிழித்துப் போட்டுவிட்டான், பொறாமைக்காரன்.

என் நகலைச் சட்டம் போட்டு ஸ்கூல் சுவரில் மாட்டியிருக்கிறேன். உன் அண்ணிதான் இன்னும் சமாதானமாகவில்லை. "பெத்த அப்பன மாட்டிவிட்டுட்டு வந்து சோறு கேக்குறா பாரு" என்று மகள் மேல் பாய்கிறாள். நான் அவளுக்குப் பரிந்து பேசினால், "குடிச்சிட்டு வண்டி ஓட்டின மனுஷனுக்குப் பேச்சு வேறயா?" என்று என் மேல் பாய்கிறாள். இரண்டிலும் நியாயம் இருப்பதால் நான் வாயைத் திறப்பதில்லை.

இப்போது புரிகிறதா? அந்தக் கேஸை நீ அழித்தால் என் பெயர் மட்டும் அழியாது, என் மகள் போட்ட முதல் கேஸும் அழியும். அப்பனுக்காக விட்டுவிட்டாள் என்று ஊர் சொல்லும். இன்ஸ்பெக்டர் அவளை இனிமேல் ரோட்டிலேயே நிறுத்தலாம் என்று எழுதிக் கொடுக்கப்போகிறாராம். ஸ்கூல் போனால் போகட்டும், அவள் நிற்க வேண்டும். சிபாரிசு, செல்வாக்கு என்ற பேச்சே நம் குடும்பத்துக்கு வேண்டாம். அந்தப் பெரிய மனிதரிடம் என் நன்றியைச் சொல்லிவிட்டு, அவர் வாசல்படியை இனி மிதிக்காதே.

உன் மனைவிக்கு என் அன்பு. பிள்ளைகள் நீண்ட ஆயுளோடும், நல்ல வேலையோடும், அதைவிட முக்கியமாக நடுங்கினாலும் பிசகாத கையோடும் வாழ என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உன் அண்ணன், அவளுடைய அப்பா.

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போட்டு ஒட்டப்போகும்போது இலாகாவிலிருந்து ஒரு தபால் வந்தது. அந்த ஊதுகிற மிஷினைச் சரிபார்க்க வேண்டிய கெடு தாண்டிவிட்டதாம், அதனால் அன்றைக்கு அதில் ஊதியவர்கள் எல்லார் மேலும் போட்ட கேஸ் ரத்து, என் ரெக்கார்டு சுத்தம், லைசென்ஸை வந்து வாங்கிக்கொள்ளலாம், அபராதமும் திரும்பி வரும். உன் அண்ணி ஆனந்தத்தில் அழுகிறாள். வாயாடி தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இன்ஸ்பெக்டர் "இனி எழுதிக் குடுக்க என்ன இருக்கு?" என்றுவிட்டாராம். நான் ஓட்டமாக இலாகாவுக்குப் போய், "ஐயா, நான் நிஜமாவே குடிச்சிருந்தேன், பெரிய கிளாஸ்" என்று சத்தியம் செய்தேன். "அது எங்களுக்குத் தேவையில்ல சார்" என்று அனுப்பிவிட்டார்கள். ஆகையால் தம்பி, மேலே எழுதியது எதையும் மனதில் வைத்துக்கொள்ளாமல் இன்றைக்கே அந்தப் பெரிய மனிதரைப் போய்ப் பார். யாரைப் பிடித்தாவது, எப்படியாவது, நான் குற்றவாளிதான் என்று மறுபடி எழுதவைத்துவிடச் சொல்.