ஹார்லனுக்கு ஒரு ஜோடி பூட்ஸ்

ராய்ஸ் மாட்டுத் தொட்டிக்குள் நின்றுகொண்டிருந்தார். முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வரை தண்ணீர். மேலே படிந்திருந்த பனிக்கட்டியைத் தானே கோடாலியால் உடைத்துவிட்டு இறங்கியிருந்தார். காலில் புத்தம் புதிய ரப்பர் பூட்ஸ், கையில் கடிகாரம். தண்ணீர் குடிக்க வந்த ஏழு மாடுகள் குடிக்காமல் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தன.

சமையலறை ஜன்னல் படாரென்று திறந்தது.

"ராய்ஸ்! உனக்கென்ன பைத்தியமா?" என்று கத்தினார் அவர் மனைவி மேவிஸ்.

"கத்தாத. இன்னும் பதினெட்டு நிமிஷம் நிக்கணும்."

"எதுக்கு?"

"இந்த பூட்ஸுல ஹார்லன் கால் ஒரு மணி நேரம் குளிர் தாங்குமான்னு பாக்குறேன்."

"ஹார்லன் கால் தாங்குமான்னு பாக்க உன் காலை எதுக்கு விறைக்க வைக்கிற?"

"பின்னே அவனையா கூட்டிட்டு வந்து தொட்டியில நிறுத்த முடியும்?"

மேவிஸ் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

ஹார்லனுக்குப் புற்றுநோய். கோடையில் கண்டுபிடித்தார்கள். அதன் பிறகு மாதக்கணக்கில் மருந்து ஏற்றினார்கள். கிறிஸ்துமஸுக்கு முன்னால், இனி ஏற்றிப் பயனில்லை என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

நாற்பத்தோரு வருஷமாக வயலில் புல்லால் கட்டிய ஒரே மறைப்புக்குள் ஒளிந்து, தோளோடு தோள் உட்கார்ந்து வாத்து சுட்டவர்கள் இவர்கள் இரண்டு பேரும். எங்கள் ஆர்கன்சா பக்கம் நெல் அறுத்த வயலில் தண்ணீர் கட்டிவிட்டால் போதும், வடக்கே குளம் குட்டை உறைந்ததும் வாத்துக் கூட்டம் நேரே இங்கேதான் இறங்கும். ஜனவரி முப்பத்தொன்றோடு வேட்டை சீசன் முடிந்துவிடும். அடுத்த சீசனுக்கு ஹார்லன் இருக்கமாட்டார். இது ஊருக்கே தெரியும், ஹார்லனுக்கும் தெரியும். ராய்ஸ் மட்டும் தெரியாத மாதிரி நடந்துகொண்டார்.

எங்கள் ஊரில் ஒருவர் படுத்துவிட்டால் பெண்கள் சாப்பாட்டோடு போவார்கள், ஆண்கள் கருவிப் பெட்டியோடு போவோம். நோயாளிக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு, கையைப் பிடித்துக்கொண்டு, "எப்படிப்பா இருக்கே?" என்று கேட்க எங்களுக்கு வராது. உயிரே போனாலும் வராது. போனால் செய்ய ஒரு வேலை வேண்டும். ராய்ஸ் அக்டோபரில் ஹார்லன் வீட்டுக் கேட்டைச் சரிசெய்தார். நவம்பரில் கூரை ஒழுகலை அடைத்தார். இரண்டு குளிர்காலத்துக்குத் தேவையான விறகைப் பிளந்து அடுக்கினார். டிசம்பரில் வாசல் படிக்குக் கைப்பிடி வைத்தார். அதற்கப்புறம் அந்த வீட்டில் பழுது என்று எதுவும் மிச்சமில்லை, ஹார்லனைத் தவிர.

அதோடு ராய்ஸ் போவதை நிறுத்திவிட்டார். மூன்று வாரம் போகவே இல்லை. வண்டியை எடுத்துக்கொண்டு அந்த வீட்டு வாசல் வரை போவார். போய், நிறுத்தாமலே திரும்பிவிடுவார். ஒரு நாள் வரும் வழியில் வண்டியை ஓரம் கட்டிவிட்டு அழுதார். மேவிஸிடம் டயர் பஞ்சர் என்று சொன்னார்.

ஜனவரி நாலாம் தேதி ஹார்லனே போன் செய்தார்.

"டேய், செத்தா போயிட்டே? ஆளையே காணோம்."

"வேலைடா..."

"என்ன பெரிய வேலை? சரி, கேளு. சீசன் முடியறதுக்குள்ள ஒரு தடவை வயலுக்குப் போகணும். ஒரே ஒரு காலைப் பொழுது. ஆனா பழைய பூட்ஸு உதவாது. கால் ஐஸாப் போவுது. கதகதப்பா, கடிக்காம, நல்லதா ஒண்ணு பாரு."

போனை வைப்பதற்குள் ராய்ஸ் தொப்பியை மாட்டிக்கொண்டுவிட்டார்.

வேட்டைச் சாமான் கடைக்காரர் பெயர் ஜூனியர். வயது எழுபத்திரண்டு. "இருக்கறதிலேயே கனமான பஞ்சு வெச்சது இதுதான்," என்று பதினோராம் நம்பர் ஜோடி ஒன்றைக் கொடுத்தார். மறுநாள் காலை ராய்ஸ் அதை ஹார்லன் காலில் மாட்டிவிட்டார். ஹார்லன் முகத்தைச் சுளித்தார்.

"விரலை நெரிக்குது. ரத்தமே ஓடலை போலிருக்கே."

ராய்ஸ் திரும்ப ஓடினார். ஜூனியர் தலையில் அடித்துக்கொண்டார்.

"இறுக்கினா எவ்வளவு பஞ்சு வெச்சும் வீண்தான்யா. உள்ள கொஞ்சம் காத்து நிக்கணும். அந்தக் காத்துதான் சூடு. பன்னிரண்டு கொண்டு போ."

அந்தப் பன்னிரண்டைத்தான் ராய்ஸ் மாட்டுத் தொட்டியில் சோதித்தார். அவர் கால் பத்தாம் நம்பர் என்பதால் மூன்று ஜோடி சாக்ஸ் போட்டிருந்தார். பூட்ஸ் தேறியது. ராய்ஸுக்கு ஜலதோஷம் பிடித்தது.

"குதிகால் வழுக்குது," என்றார் ஹார்லன், போட்டுக்கொண்டு கட்டிலிலிருந்து கதவு வரை கைத்தாங்கலாக நடந்துவிட்டு. "உரசி உரசிக் கொப்புளம் வந்துடும்டா."

"இன்னொரு சாக்ஸு போட்டுக்க."

"போட்டா மறுபடி நெரிக்கும். உனக்கென்ன, என் கால் இல்ல அது?"

ஹார்லனின் மனைவி ட்ரூடி காபி கொண்டுவந்து வைத்தார். பூட்ஸைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார். "நாளைக்கும் வருவேல்ல ராய்ஸ்?" என்று மட்டும் கேட்டார்.

"வராம? இவன் காலுக்கு ஒரு வழி பண்ணாம விடமாட்டேன்."

மூன்றாவதாக வந்தது, பேட்டரி வைத்துச் சூடாகும் சாக்ஸ். பதினோரரை நம்பர் பூட்ஸுக்குள் அதைப் போட்டுக்கொண்டு ராய்ஸ் தன் வயலில் இறங்கினார். முப்பது அடி போயிருப்பார். சேறு இடது பூட்ஸைக் கவ்விக்கொண்டது. கால் வந்தது, பூட்ஸ் வரவில்லை. அப்படியே குப்புற விழுந்தார். தண்ணீரில் நனைந்த இடது பேட்டரி அணைந்தது. வலது பேட்டரி அணைய மறுத்தது. அவர் எழுந்து, சேற்றைத் தோண்டி, பூட்ஸை மீட்டுக் கரையேறுவதற்குள் வலது உள்ளங்கால் பொசுங்கிவிட்டது.

ஊர் காபிக்கடையில் செய்தி அவருக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது.

"ஏன் ராய்ஸ், பூட்ஸு ஹார்லனுக்கா, வாத்துக்கா?"

"உன் மாடெல்லாம் உன்னை நினைச்சு ரொம்பக் கவலையா இருக்காமே?"

"ஒரு கால் குளிருது, ஒரு கால் சுடுது. சராசரி பாத்தா சரியாத்தானே இருக்கு?"

ராய்ஸ் ஒரு பிஸ்கட்டை வாயில் போட்டுக்கொண்டு நொண்டிக்கொண்டே வெளியே போனார்.

ஹார்லன் அவர் நடையைப் பார்த்துவிட்டுத் எழுந்து தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"சூடா இருந்துச்சா?"

"சூடாவா? முட்டை பொரிக்கலாம்டா அதுல."

ஹார்லன் சிரித்தார். சிரிப்பு இருமலானது, இருமல் மறுபடி சிரிப்பானது. ட்ரூடி பதறிப்போய் ஓடிவந்து எட்டிப்பார்த்தார். இரண்டு கிழவர்கள் ஒரு சாக்ஸைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர் கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

இப்படி தினமும் காலை எட்டு மணிக்கு ராய்ஸ் வருவார். ஒரு ஜோடியைக் கழற்றி இன்னொன்றை மாட்ட ஒரு மணி நேரம் ஆகும். இன்று நடு விரல் கடிக்கும், நாளை கணுக்காலில் அழுத்தும். உள்ளே கம்பளித் தகடு வைத்தால் வியர்த்துக் குளிரும், எடுத்துவிட்டால் அடியிலிருந்து குளிரும். ராய்ஸ் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்து வார்களை இழுத்துக்கொண்டிருக்கும்போது பேச்சு தானாக வரும். செத்துப்போன நாய்களைப் பற்றிப் பேசினார்கள். வயலெல்லாம் உறைந்து கிடந்த ஒரு வருஷம் படகையே இழுத்துக்கொண்டு நடந்ததைப் பேசினார்கள். எவன் சுட்ட வாத்து என்று முப்பது வருஷத்துக்கு முன்னால் போட்ட சண்டையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள்.

ஒரு நாள் ராய்ஸ் குனிந்து குதிகாலை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஹார்லன் சொன்னார்.

"எனக்கு பயமா இருக்குடா."

ராய்ஸ் நிமிரவில்லை. நிமிர்ந்திருந்தால் அவரால் வாயைத் திறந்திருக்க முடியாது.

"எனக்கும்தான்," என்றார், பூட்ஸைப் பார்த்தபடி. "நீ இல்லாம நான் எவன்கூட உக்காருவேன் அங்க?"

ஹார்லன் தொண்டையைச் செருமினார்.

"இந்தச் சுண்டு விரல் கிட்ட இன்னும் லேசாக் கடிக்குது. அதைக் கொஞ்சம் பாரு."

ஜனவரி இருபதாம் தேதி ஆறாவது ஜோடி திரும்பி வந்தபோது ஜூனியரின் பொறுமை போய்விட்டது.

"கையெடுத்துக் கும்பிடறேன், அளவு எடுத்துட்டு வாய்யா! அந்தி நேரத்துல எடு, கால் அப்பதான் கொஞ்சம் வீங்கியிருக்கும். அட்டையில நிறுத்தி வெறுங்காலோட ஒரு கோடு, கம்பளி சாக்ஸோட ஒரு கோடு. இத்தனை வருஷம் சுட்டியே, இது தெரியாதா உனக்கு?"

ராய்ஸ் தோட்டாப் பெட்டியைப் பிரித்து அட்டையாக்கி எடுத்துக்கொண்டு போனார். ஹார்லனைக் கட்டில் விளிம்பில் உட்காரவைத்து, அட்டையில் கால்களை ஊன்றச் செய்து, தச்சுப் பென்சிலால் விரல் விரலாக வரைந்தார். நாற்பத்தோரு வருஷத்தில் அந்தக் கால்களை அவர் வெறுங்காலாகப் பார்த்ததே இல்லை. வெள்ளை வெளேரென்று, எலும்பாக இருந்தன.

"டேய், கூசுது! கூசுதுடா!" என்று ஹார்லன் கட்டிலில் நெளிந்தார்.

"ஆடாம இருடா, கோடு கோணுது!"

அந்த அட்டையை வைத்து ஜூனியர் வடக்கே மினசோட்டாவிலிருந்து ஒரு ஜோடி வரவழைத்தார். உறைந்த ஏரியில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவர்கள் போடுவது. முழங்கால் உயரம், எடை குறைவு, உள்ளே தடித்த கம்பளி, விரலுக்கு இடம், குதிகாலுக்குப் பிடிப்பு.

இருபத்தொன்பதாம் தேதி வெள்ளிக்கிழமை மதியம் அது வந்து சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமையோடு சீசன் முடிகிறது. வாடைக்காற்று வேறு கிளம்பிவிட்டது, வானம் கொள்ளாமல் வாத்து. ராய்ஸ் மறைப்புக்குள் கை வைத்த நாற்காலி போட்டிருந்தார், எரிவாயு அடுப்பு வைத்திருந்தார், கரையிலிருந்து பலகை பாவியிருந்தார். மிச்சம் இருந்தது இந்த பூட்ஸ் ஒன்றுதான். மறுநாள் காலை வரை பொறுக்க முடியாமல் அப்போதே ஹார்லன் வீட்டுக்கு ஓட்டினார்.

ட்ரூடி மருந்து வாங்க டவுனுக்குப் போயிருந்தார். கதவைத் திறந்தது பெர்னிஸ் என்ற நர்ஸ். மதியத்தில் மட்டும் வருபவர் என்பதால் ராய்ஸ் அவரைப் பார்த்ததில்லை.

"தூங்குறாரு சார். மருந்து குடுத்திருக்கேன்."

"எழுப்ப மாட்டேம்மா. இதைப் போட்டு அளவு மட்டும் பாத்துக்கறேன்."

பெர்னிஸ் தலையாட்டிவிட்டுத் துணிகளை மடிக்க உட்கார்ந்தார். ராய்ஸ் பூட்ஸைக் கணப்பு ஓரம் காட்டி உள்ளே சூடேற்றினார். போர்வையை விலக்கி, கம்பளி சாக்ஸைச் சுருட்டி, ஒவ்வொரு விரலாக நுழைத்தார். பிறகு குதிகாலை உள்ளங்கையில் தாங்கி, பூட்ஸை அங்குலம் அங்குலமாக ஏற்றினார். சுண்டு விரல் பக்கம் வந்ததும் நிறுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, லேசாகச் சாய்த்து உள்ளே விட்டார். ஒரு காலுக்கே பத்து நிமிஷம் ஆனது. அந்தக் குளிரிலும் அவருக்கு வியர்த்துக் கொட்டியது. ஹார்லன் அசையவில்லை.

ராய்ஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தியாம்மா, கச்சிதமா உக்காந்துடுச்சு! நாளன்னிக்கு வயலுக்குப் போறோம்," என்று கிசுகிசுத்தார். "இவனுக்குக் காலுதான் தொந்தரவே. குளிர் தாங்காது. லேசா உரசினாலும் உயிர் போயிடும். மூணு வாரத்துக்கு மேலா இவன் கால் கிட்டயே தவம் கிடக்கேன். அடுத்த காலைப் போடும்போது வலியில கத்தினாலும் கத்துவான், பயந்துடாதே."

இன்னொரு பூட்ஸை எடுத்துக்கொண்டு மறுபடி மண்டியிட்டார். சுருட்டிய சாக்ஸை விரல் நுனிகளால் மெல்ல விரித்தார்.

பெர்னிஸ் மடித்த துணியை மடியில் வைத்துக்கொண்டு அவரையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அவ்வளவு மெதுவாப் போட வேண்டாம் சார், நவம்பர்லேர்ந்தே அவருக்கு முழங்காலுக்குக் கீழ உணர்ச்சியே கிடையாது."