1259-க்கு மேல் ஏறாத மதிப்பெண்

ஜமுனாமரத்தூர்,
11-2-85

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அருணகிரி அவர்களுக்கு, மாமனார் பஞ்சாட்சரம் மிகுந்த அன்புடனும் சற்றுத் தயக்கத்துடனும் எழுதிக்கொள்வது. மங்கம்மாளின் முழங்காலும் என் கழுத்தும் நீங்கலாக நாங்கள் இருவரும் சுகம். மஸ்கட்டில் நீங்களும் பூங்கோதையும் அவ்வாறே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். முப்பது வருஷம் ஆபீசில் எழுதிய பழக்கத்தால், சொல்லப்போவதை முதலில் வரிசைப்படுத்திவிடுகிறேன்.

1. தாங்கள் அனுப்பிய உள்ளங்கை அகல வீடியோ கேம் பெட்டிகள் மூன்றையும் நான் முறையாக ஆடிப் பார்த்தது.
2. அவற்றைப் பற்றி என் அபிப்பிராயம்.
3. தாங்கள் மஸ்கட் வேலையை விட்டுவிட்டு வந்து போளூரில் வீடியோ கேம் கடை வைக்கலாமா என்பது.
4. இதை மங்கம்மாளிடம் எப்படிச் சொல்வது என்பது. (இதற்குத் தாங்கள்தான் யோசனை சொல்ல வேண்டும்.)

வாணியம்பாடி ரஹ்மான் தம்பி லீவில் வந்தபோது பெட்டிகளைப் பத்திரமாகக் கொண்டுவந்து கொடுத்தார். "மாமா, நீங்கள் நிதானமானவர். ஆடிப் பார்த்து எழுதுங்கள். உங்கள் பதிலைப் பார்த்துத்தான் இங்கே ஒப்பந்தத்தை நீட்டிப்பதா, ஊருக்கு வருவதா என்று முடிவு செய்வேன்" என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை. வீட்டில் எந்தக் காய் வாங்குவது என்றுகூட என்னைக் கேட்பதில்லை. "மேலே இருக்கும் சின்னப் பொத்தான்களைக் கண்டபடி அழுத்திவிடாதீர்கள்" என்றும் எழுதியிருந்தீர்கள். என் விரலை நம்பாமல் அவற்றின் மேல் பிளாஸ்திரி ஒட்டிவிட்டேன். காலையில் காபி குடித்ததும் ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தால் வெளிச்சம் போகும்வரை ஆட்டம்தான். வேலையில் இருந்தபோதுகூட நான் இவ்வளவு உழைத்ததில்லை.

முதல் பெட்டியில் ஒருவன் மலைச்சரிவில் நிற்கிறான், மேலிருந்து பாறைகள் உருண்டு வருகின்றன, அவன் குதித்துக் குதித்துத் தப்பிக்க வேண்டும். மழைக்காலத்தில் நம் மலை ரோட்டில் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. இரண்டாவதில் ஒரு பீரங்கிப் படகு, மேலே விமானங்கள்; இவர்களுக்குள் என்ன தகராறு என்று எங்கேயும் சொல்லவில்லை. மூன்றாவதில் ஒரு கத்திக்காரன் குகைக்குள் வௌவால்களை வெட்டுகிறான். பக்கத்துக் காட்டுக்காரர் சின்னதம்பி சாமை புடைத்துக் கொண்டுவந்து கொடுத்தவர், இதைப் பார்த்துவிட்டு, "வௌவாலு இன்னா சார் பண்ணுச்சு அவன? அது பாட்டுக்குத் தொங்கிக்கினு கீது. இவன் எதுக்கு அதும் வூட்டுக்குள்ள பூந்து வெட்றான்?" என்று கேட்டார். மலை ஆட்கள் கடைக்கு வந்தால் இதைத்தான் முதலில் கேட்பார்கள் என்பதைத் தாங்கள் மனதில் வைக்கவும்.

ஆட்ட நுணுக்கத்துக்கு வருகிறேன். நான் இடது பொத்தானை அழுத்தினால் அவன் சில சமயம் வலது பக்கம் போகிறான். என் தயக்கம் பெட்டிக்கும் தெரிந்துவிட்டதோ என்று வெகுநாள் வருத்தப்பட்டேன். அதே சமயம், சொல்லக் கூச்சமாக இருக்கிறது, என் ஆட்டத்தில் அவன் ஒருமுறைகூடச் செத்ததில்லை. மதிப்பெண் எண்களின் நடுவில் மேலும் கீழுமாக இரண்டு புள்ளிகள் விடாமல் துடிக்கின்றன. அது அந்த ஆளின் நாடி என்று நினைக்கிறேன். நாடி நின்றதே இல்லை. ஆனால் மதிப்பெண் மிக மெதுவாக ஏறுகிறது. ஒரு எண் ஏறுவதற்குள் மங்கம்மாள் ஒரு குடம் தண்ணீர் இறைத்துவிடுகிறாள். கம்பெனிக்காரர்கள் இரக்கமுள்ளவர்கள், அதையும் சொல்லிவிட வேண்டும். 1059 வாங்கிவிட்டால் மீதி நாற்பத்தொன்றைக் கருணை மதிப்பெண்ணாகப் போட்டு 1100 ஆக்கிவிடுகிறார்கள். எங்கள் காலத்துப் பரீட்சையில் இந்த மனசு யாருக்கும் இருந்ததில்லை. ஆனால் 1259 வந்ததும் அடுத்து 100-க்கு இறங்கிவிடுகிறது. இது தினமும் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு கண் சொக்கும் வேளையில்தான் நடக்கிறது, ஆகையால் தவறு என்னுடையதாகத்தான் இருக்கும். இன்னொரு விந்தை, மூன்று பெட்டியையும் அருகருகே வைத்துப் பார்த்தால் மூன்றிலும் என் மதிப்பெண் ஒன்றே. பாறையானாலும் வௌவாலானாலும் என் திறமை ஏறவுமில்லை, இறங்கவுமில்லை.

ஒருநாள் கழுத்து பிடித்துக்கொண்டு பெட்டியைக் கீழே வைத்துவிட்டேன். சின்னதம்பி குனிந்து பார்த்து, "இன்னா சார் இது, நீங்க கைய எடுத்துட்டீங்க, அவன் பாட்டுக்குக் குதிச்சிக்கினு கீறான்?" என்றார். "பழக்கிவிட்டேன்" என்றேன். "அப்ப நீங்க இன்னாத்துக்கு?" என்றார். அந்தக் கேள்வி என்னை வெகுவாகச் சோர்வடையச் செய்துவிட்டது, மாப்பிள்ளை. இப்பவும் அதை நெனச்சா ஒரு மாதிரி ஆயிடுது.

மூன்றாவது விஷயம். ஆடுகிறவன் பாடுபட்டாலும் அதே மதிப்பெண், சும்மா இருந்தாலும் அதே மதிப்பெண் என்றால், அதற்குக் காசு கொடுத்துப் போளூர் பஸ் ஸ்டாண்டில் எவன் வந்து உட்காருவான்? முதல் நாள் வேடிக்கை பார்க்கக் கூட்டம் வரும். மறுநாள் நீங்கள் தனியாக உட்கார்ந்து பாறையைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். ஆகவே கடை வேண்டாம். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். இதை எழுத எனக்கு எவ்வளவு நேரம் பிடித்தது என்று கேட்காதீர்கள்.

நான்காவது விஷயம். மங்கம்மாளிடம் இன்னும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நீங்கள் வந்துவிடுவீர்கள் என்றே அவள் முடிவு செய்துவிட்டாள். பின்கட்டு அறையில் இருந்த புளி மூட்டைகளையெல்லாம் வெளியே இழுத்துப் போட்டு, சுண்ணாம்பு அடித்தாகிவிட்டது. மூட்டைகள் இப்போது என் கட்டிலுக்குக் கீழே. நான் ஆடும்போது அடிக்கடி வந்து பெட்டியை எட்டிப் பார்க்கிறாள், திருப்தியாகத் தலையை ஆட்டிக்கொண்டு போகிறாள். என் ஆட்டத்தில் இவ்வளவு அக்கறையா என்று எனக்கே ஆச்சரியம். ஒருநாள் மதிப்பெண் 115 இருக்கும்போது பார்த்துவிட்டு, "இந்நேரம் சாப்ட்டு முடிச்சிருப்பா" என்றாள். யாரைச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. ஆட்டத்தின் நடுவில் பேச்சுக் கொடுப்பதில்லை. நேத்து, "இன்னா, நல்லதா எழுதுறீங்களா?" என்று கேட்டாள். "எழுதிக்கினு இருக்கேன்" என்று மட்டும் சொல்லி வைத்தேன். கடிதத்தை மூடுமுன் அவளுக்குப் படித்துக் காட்டித்தான் ஆக வேண்டும், அது வழக்கம். படித்த பிறகு எனக்குச் சோறு உண்டா என்பது தெரியவில்லை.

பூங்கோதைக்கு எங்கள் ஆசிகளை அவள் தலையில் கை வைத்துச் சொன்னதாகச் சொல்லவும். வெயிலில் அலையாமல் இருவரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
தங்கள் நலம் நாடும் மாமனார்,
மு. பஞ்சாட்சரம்

பி.கு.: கடிதத்தை மங்கம்மாளுக்குப் படித்துக் காட்டினேன். கருணை மதிப்பெண் வரும் இடம்வரை சும்மா கேட்டுக்கொண்டிருந்தவள், "அது மார்க்கு இல்லீங்க, மணி" என்றாள். எந்த மணி என்றேன். "கடியாரம். பொட்டி வந்த அன்னிக்கே பாத்தேன். நம்ம செவுத்துக் கடியாரத்துக்கு ஒன்றரை மணி பின்னாடி ஓடுது. பூங்கோதை ஊரு நேரம்." ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க ஆடுறேன்னீங்க. பெரிய மனுஷன் ஆடும்போது எதுக்குக் கலைக்கணும்? ரெண்டு மூணு தரம் பாத்துட்டுப் போனா, அவ இன்னா பண்ணிக்கினு இருப்பான்னு எனக்குத் தெரிஞ்சிடும்" என்று சொல்லிவிட்டு, கத்திக்காரன் பெட்டியில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியைப் பிய்த்து, அடியில் 'கேம்' என்று எழுதியிருந்த பொத்தானை அழுத்தினாள். அதை அழுத்தினால் ஆட்டம் முடிந்துவிடும் என்றுதான் நான் பயந்திருந்தேன்; அழுத்திய பிறகுதான் ஆட்டமே தொடங்குமாம், அதுவரை பெட்டி தானே ஆடிக்காட்டுமாம். நாடி நின்றது. எண் பூஜ்யமானது. கத்திக்காரன் என் கையில் மூன்று உயிரையும் அடுத்தடுத்து விட்டான். மங்கம்மாள் கையில் பதினேழு வௌவால்களை வெட்டினான். அதற்குப் பிறகு அந்தப் பெட்டியை அவள் என்னிடம் தரவில்லை. அடுப்பில் குழம்பு தீய்ந்தது. வாசனை பிடித்து வந்த சின்னதம்பி அடுத்த ஆட்டம் தனக்கு என்று சொல்லி உட்கார்ந்தவர் இன்னும் போகவில்லை. வௌவாலின் வீட்டைப் பற்றி அவர் இப்போது பேசுவதில்லை.

கடையைப் பற்றி மங்கம்மாள் சொல்லச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "வரச் சொல்லுங்க. படகையும் கத்திக்காரனையும் கடையில வெச்சிக்கட்டும். பாறைப் பொட்டிய மட்டும் யாரும் தொடக் கூடாது. அவ வந்து எறங்குற வரைக்கும் அது அப்படியே ஓடட்டும்."

அதில் இப்போது 410. பூங்கோதை டீக்குத் தண்ணீர் வைத்திருப்பாள் என்கிறாள்.

அடித்துத் திருத்தினால் கடிதம் அசிங்கமாகிவிடும், ஆகையால் மேலே உள்ளதை அப்படியே விட்டுவிடுகிறேன். வரிசையில் முதலாவதாக, முறையாக ஆடிப் பார்த்ததாக எழுதியது மட்டும் தவறு.