கம்ப்யூட்டருக்குப் பெரட்டு எடுத்தவர்

உலகத்தில் எத்தனையோ பேர் கம்ப்யூட்டரைத் திட்டியிருக்கிறார்கள், தட்டியிருக்கிறார்கள், ஆயுதபூஜைக்குப் பொட்டு வைத்துக் கும்பிட்டும் இருக்கிறார்கள். ஆனால் அதை வரிசையில் நிறுத்தி ஆஜர் எடுத்த ஒரே மனிதர் மலேசிய மலையில் பிரிஞ்சாங் ஊருக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்ட ஆபீசில்தான் இருக்கிறார். பெயர் பெரட்டு. அப்பா அம்மா வைத்த பெயர் அடையாள அட்டைக்குள் பத்திரமாகத் தூங்குகிறது.

பெரட்டு என்றால் தோட்டத்தில் விடிந்ததும் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடுவது. அவருடைய அப்பா இதே தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் கங்காணி. மகன் படித்து, கேஎல் என்கிற கோலாலம்பூரில் கம்ப்யூட்டர் வேலை பார்த்து, தலையில் பாதி முடி கொட்டியதும் "கீழ சூடு தாங்கல லா" என்று மலைக்கே திரும்பி வந்தவர். எங்கள் ஆபீசில் மொத்தம் இரண்டே பேர். அவர் ஒன்று, நான் ஒன்று. ஆனாலும் தினமும் காலையில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அறை நடுவில் நின்று பெரட்டு எடுப்பார்.

"தேவி!"

"எதிர்லதான அண்ணே நிக்கிறேன்."

"பேரு கூப்பிட்டா பதில் வரணும்."

"இருக்கேன்."

"இருக்கறது வேற, வேலைக்கு ஆயத்தமா இருக்கறது வேற. ஆயத்தமா?"

கைவிரல் விறைக்கும் குளிரில், இன்னும் தே, அதாவது டீ, ஒரு வாய் குடிக்காத நேரத்தில் இந்தக் கேள்வியைக் கேட்டால் எந்த மனுஷிக்கும் கோபம் வரும். எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே வரும். பல்லைக் கடித்துக்கொண்டு "ஆயத்தம்" என்பேன்.

எங்கள் வேலை இதுதான். கொழுந்து ஏற்றிய லாரி தொழிற்சாலை வாசலுக்கு வரும். எங்கள் மென்பொருள் அதை எடை போட்டு, எந்தத் தொட்டியில் கொட்டி வாட்டுவது என்று சொல்லி, வாசலின் குறுக்குக் கட்டையைத் தூக்கிவிடும். அந்த மென்பொருளைப் பெரட்டு அண்ணன் கன்டெய்னரில் வைத்திருந்தார். உடனே கிள்ளான் துறைமுகத்தை நினைக்க வேண்டாம். ஒரு மென்பொருளை அதற்கு வேண்டிய தட்டுமுட்டுச் சாமானோடு ஒரே டப்பாவில் அடைப்பதற்குத்தான் அந்தப் பெயர். அப்படி மூன்று டப்பாக்கள். அவற்றை மேய்க்க இன்னொரு மென்பொருள். அதற்கு நீளமான இங்கிலீஷ் பெயர் ஒன்று உண்டு, அவர் வைத்த பெயர் கங்காணி. மூன்று ஆள் நிற்க வேண்டும் என்று கங்காணியிடம் சொல்லிவிட்டால் போதும், ஒருவன் விழுந்தால் இன்னொருவனை அதுவே எழுப்பி நிறுத்தும்.

இதைத் துரைக்குக் காட்டப் போய் ஒரு கூத்து நடந்தது. துரை என்றால் எங்கள் தோட்ட மேனேஜர்.

"துரை, மூனு பேர்ல ஒருத்தன போட்டுத் தள்ளுங்க" என்றார் பெரட்டு, பயபக்தியோடு.

துரை கதவைப் பார்த்தார். நான்தான் கீபோர்டைக் காட்டினேன். ஒரு டப்பாவை அழித்தார், அது எழுந்துவிட்டது. மறுபடி அழித்தார், மறுபடி எழுந்தது. துரைக்கு அது பிடித்துப்போய், சாப்பாட்டு நேரம் வரை உட்கார்ந்து கொன்றுகொண்டே இருந்தார்.

பிரிஞ்சாங்கில் பாய் கடைக்குச் சாப்பிடப் போனாலும் பெரட்டுக்கு இதே சட்டம்தான். தட்டு காலியானதும் பாய் எடுக்க வந்தால் கையைப் பிடித்துக்கொள்வார்.

"அடுத்த ரொட்டி வந்த பெறகுதான் இந்தத் தட்டு போகணும் பாய்."

"காலித் தட்டுதான சார்?"

"காலியோ இல்லையோ, புதுசு வராம பழச அனுப்பக் கூடாது."

மேசையில் எனக்குத் தே வைக்க இடமிருக்காது. மடியில் வைத்துக் குடிப்பேன்.

போன வருஷம் அந்த மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டி வந்தது. வேலையை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள் என்றார் துரை. பெரட்டுக்கு ரோஷம் வந்துவிட்டது. "லாரி ஓட ஓட மாத்துறேன் துரை. ஒருத்தருக்கும் தெரியாது" என்று வாயை விட்டார்.

"ஒரு லாரி கொழுந்து கெட்டாலும் இந்த ஆபீஸ மூடிட்டு வேலைய கேஎல்-க்கு அனுப்பிருவேன்" என்றார் துரை. சிரிக்காமல் சொன்னார்.

ஆபீஸ் மூடினால் பெரட்டு தோட்டத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். அவர் பிறந்த வீடு அது. மறுபடி கீழே இறங்கி, அந்தச் சூட்டில், யாரோ ஒருவரின் மாடி அறையில் கிடக்க வேண்டும். மாற்றும் நாளன்று காலை பெரட்டு எடுக்கும்போது அவர் குரல் கொஞ்சம் கம்மியிருந்ததை நான் கவனித்தேன்.

நல்ல பனிமூட்டம். புது டப்பாக்களை இறக்கினார். கங்காணி ஒவ்வொன்றாகப் பேர் கூப்பிட்டது. முதல் புதுசு "இருக்கேன்" என்றது, ஒரு பழசு வீட்டுக்குப் போனது. இரண்டாவதும் மூன்றாவதும் அப்படியே. திரையில் மூன்று பச்சை விளக்கு. பெரட்டு என்னைப் பார்த்து மீசையைத் தடவினார்.

அப்போதுதான் கீழே லாரி ஹாரன் கேட்டது. ஒரு தரம் கேட்டது, பிறகு நிற்கவே இல்லை.

ஓடினோம். குறுக்குக் கட்டை எழவில்லை. முன்னால் டிரைவர் குமாருவின் லாரி, அதன் பின்னால் இன்னும் இரண்டு பனிக்குள் நின்றன. பறித்த கொழுந்தை அமுக்கி வைத்தால் அது தானாகச் சூடேறிச் சிவந்துவிடும். கொட்டிப் பரப்பினால்தான் பிழைக்கும்.

"என்னா பெரட்டு இது? உள்ள வேகுது!" என்று கத்தினார் குமாரு. நான் ஒரு சாக்குக்குள் கையை விட்டேன். வெதுவெதுவென்று இருந்தது.

"மூனு பேரும் ஆஜர் சொல்லிட்டான். கேட்டுலதான் கோளாறு" என்றார் பெரட்டு. கட்டையின் மோட்டாரைத் தட்டினார். ஒயரை இழுத்தார். ஏணி வைத்து ஏறி, லாரியைப் பார்க்கும் கேமராவைத் துடைத்தார். கட்டையைக் கையால் தூக்கிவிடலாமே என்றால், எந்தத் தொட்டி காலி என்பது மென்பொருளுக்குத்தான் தெரியும், மாற்றிக் கொட்டினால் வாடிய கொழுந்தும் நாசமாகும். மேலே ஜன்னலில் துரையின் தலை தெரிந்தது. பிறகு ஜன்னலில் இல்லை. இறங்கி வந்துகொண்டிருந்தார்.

"அண்ணே, உங்க டப்பாவப் பாருங்க!"

"அதான் பச்சை எரியுதே, தேவி! பேரு கூப்பிட்டா பதில் சொல்றானே!"

எனக்கு வந்தது பாருங்கள் ஒரு கோபம். அத்தனை காலைகளின் கோபமும் சேர்ந்து வந்தது.

"நான் தூங்கிக்கிட்டேகூட இருக்கேன்னு சொல்வேன்! தெனமும் என் உசுர எடுப்பீங்களே, இருக்கறது வேற ஆயத்தமா இருக்கறது வேறன்னு. அதுகிட்ட அந்தக் கேள்வியக் கேட்டீங்களா?"

ஏணியில் நின்றபடியே என்னைப் பார்த்தார். பிறகு இறங்கி ஓடினார். வழியில் துரை மேல் மோதினார், மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை.

டப்பாக்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்கத்தான் இல்லை. தொட்டிகளின் விவரம் எங்கே இருக்கிறது என்ற விலாசத்தைப் புது டப்பாக்களுக்குக் கொடுக்கவே மறந்திருந்தார். அவை வேலைக்கு வந்து, பேர் சொல்லிவிட்டு, எந்த மலைக்குப் போவது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தன. கங்காணியும் பேரை மட்டும் கேட்டுவிட்டுப் பழைய ஆட்களை அனுப்பிவிட்டது. பெரட்டு ஒரு வரி தட்டினார். "பழைய ஆளுங்கள வரச் சொல்லு, சீக்கிரம்" என்று திரையிடம் கெஞ்சினார். பழசு ஒவ்வொன்றாக எழுந்தது. கீழே வாசலில் கட்டை உயர்ந்தது.

குமாருவின் கொழுந்தைத் தொட்டியில் கொட்டி, கையிருந்தவர்கள் எல்லாரும் பரப்பினோம். துரையும் கோட்டைக் கழற்றிவிட்டுப் பரப்பினார். தேயிலைப் பக்குவம் பார்க்கும் டீமேக்கர் நடுவிலிருந்து ஒரு பிடி அள்ளி முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார். பெரட்டு கண்ணை மூடிக்கொண்டார்.

"தப்பிச்சுது லா" என்றார் டீமேக்கர். துரை கோட்டை எடுத்துக்கொண்டு மேலே போனார்.

மறுநாள் காலை என் பேரைக் கூப்பிட்ட பிறகு, "இப்ப நீ என்னையக் கூப்பிடு" என்றார்.

"பெரட்டு அண்ணே, இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"ஆயத்தமா?"

பின்னால் கட்டியிருந்த கையை அவிழ்த்தார். "இல்ல மா. ஒரு தே குடிச்சிட்டு வந்துர்றேன்."

அதற்குப் பிறகுதான் எல்லாம் சரியாக எழுதி, புது டப்பாக்களை இறக்கினார். இப்போது கங்காணி அந்த இரண்டாவது கேள்வியையும் கேட்கிறது.

இந்த வருஷம் அவருக்கு ஓய்வு. அவர் இடத்துக்குக் கம்போங் ராஜாவிலிருந்து கவிதா என்ற பெண் வந்திருக்கிறாள். படு கெட்டிக்காரி. புதுசு வேலையைப் பழகும்வரை பழசு இருக்கலாம், தோட்டத்து வீட்டிலும் இருக்கலாம் என்பது துரையின் உத்தரவு. பழகிவிட்டாளா என்று சொல்லும் பொறுப்பு என்னுடையது. அவள் வந்த சில வாரத்திலேயே எல்லாம் பழகிவிட்டாள். பெரட்டு தெரியாமல் செய்த தவறுகளையும் சத்தமில்லாமல் திருத்திவிட்டாள்.

ஆனால் பெரட்டு எடுக்கும் அந்தக் குரல் இல்லாத ஒரு காலை எனக்கு வேண்டாம். துரை மாதாமாதம் கேட்கிறார். "தேவி, புதுப் பொண்ணு ஆயத்தமா?"

கவிதாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம்.

"இருக்கா துரை. ஆனா ஆயத்தமாக இன்னும் நாள் ஆகும்" என்பேன்.