நாலு சதவீதம் செம்பு

"இந்த எஃகுல நாலு சதவீதம் செம்பு போடறோம். என் வாழ்க்கையில நீதான் அந்தச் செம்பு."

"நாலுதானா? மீதி?"

"குரோமியம் பதினேழு, அது அம்மா. நிக்கல் நாலு, அது அண்ணன். பாக்கியெல்லாம் இரும்பு."

"இரும்பு யாரு?"

"நான்தான்."

"சரி. எனக்கும் இடம் ஒதுக்கினதுக்கு ரொம்ப நன்றி."

திருமணத்துக்கு ஒரு வாரம் முன்பு பேருந்து நிறுத்தத்தில் நடந்த இந்த உரையாடல், காதல் வரலாற்றில் பொன்னெழுத்துகளில் பொறிக்கப்பட வேண்டியது. வருங்கால மனைவியிடம் ஓர் ஆண்மகன் தன் உள்ளத்தை இத்தனை துல்லியமான விகிதத்தில் திறந்து காட்டியதற்கு வேறு சான்று கிடையாது. அடுத்த பேருந்தில் ஏறி அவள் ஓடிப்போகாமல் நின்றாளே என்று பின்னாளில் அவருக்கே வியப்பாக இருந்ததுண்டு. அந்த வியப்பையும் அவர் அவளிடம் சொன்னதில்லை.

சொல்லாமலிருப்பதுதான் அவருடைய தத்துவம். அவர் உருக்காலையின் வெப்பப் பிரிவுத் தலைவர். துருப்பிடிக்காத எஃகைச் செக்கச்செவேலென்று காய்ச்சி, ஆறவைத்து, மறுபடி நானூற்றெண்பது டிகிரி உலையில் ஒரு மணி நேரம் மூடிவைப்பார். எஃகுக்குள் கரைந்து கிடக்கும் செம்பு அப்போது கண்ணுக்குத் தெரியாத துகள்களாகத் திரண்டு, அதை அசையவிடாமல் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். கடினத்தன்மை அளக்கும் கருவியில் முள் நாற்பத்துநாலில் போய் நிற்கும். அந்த எஃகுக்கு அதுதான் உச்சம். ஆட்கள் அவருக்கு வைத்த பெயரும் "நாப்பத்திநாலு". அவர் அதைப் பட்டமாகவே ஏற்றுக்கொண்டார்.

மூடிவைத்தால் உறுதிப்படும் என்ற இந்தப் பேருண்மையை ஆலையோடு நிறுத்திவிடுவது சமூகத்துக்குச் செய்யும் அநீதி அல்லவா? எனவே வீட்டிலும் நடைமுறைப்படுத்தினார். அன்பு, வருத்தம், மன்னிப்பு ஆகிய மூன்று இனங்களும் பன்னிரண்டு ஆண்டுகளாக அவருக்குள் பத்திரமாக மூடிவைக்கப்பட்டிருந்தன.

ஆறு வாரங்களுக்கு முன், இயன்முறை சிகிச்சை தரும் வேலையில் இருந்த அவர் மனைவி, துணி மடித்தபடியே சொன்னாள்.

"துறைமுக ஊர் ஆஸ்பத்திரியில தலைமைப் பொறுப்பு குடுத்திருக்காங்க. மூணு வருஷம். பொண்ணையும் கூட்டிட்டுப் போகலாம்னு பாக்கறேன். நீங்க என்ன சொல்றீங்க?"

"நல்ல வாய்ப்பு. போயிட்டு வா."

"அவ்வளவுதானா?"

"வேற என்ன சொல்லணும்?"

"ஒண்ணுமில்ல. நாலு சதவீதம்தானே கிளம்புது. தொண்ணூத்தாறு இங்கேயே இருக்கு. சமாளிச்சுக்குவீங்க."

மறுநாளே அவர் துறைமுக ஊர்க் கிளைக்கு மாற்றல் கேட்டு ஒரு விண்ணப்பம் எழுதினார். அவளைக் கேட்காமல் அனுப்பினால் அத்துமீறல்; கேட்டால் பலவீனம். ஆகவே விண்ணப்பம் "முதிர்வுக்காக" மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டப்பட்டது. அவள் கிளம்பும் நாள் வந்தது. மாலை ஆறு மணிக்கு ரயில்.

அன்று காலையில்தான் பம்புகளுக்குள் சுழல்வதற்காக அனுப்பிய நாற்பது எஃகுத் தண்டுகளும் திரும்பி வந்தன. பதினொன்று உடைந்திருந்தன. அவசரக் கூட்டம் கூடியது.

"நம்ம தரத்துக்கு என்னய்யா ஆச்சு?" என்றார் மேலாளர்.

"தரத்துக்கு ஒண்ணும் ஆகல சார்," என்றார் வெப்பப் பிரிவுத் தலைவர். " உடைஞ்ச துண்டுலயும் நாப்பத்திநாலு காட்டுது."

"அப்ப தண்டு தேறிடுச்சா?"

"தேறிடுச்சு சார். உடைஞ்சது மட்டும்தான் குறை."

"அறிக்கையில அதை எப்படி எழுதறது?"

"'எண்ணிக்கையில் எதிர்பாராத உயர்வு'ன்னு எழுதலாம் சார்."

மேலாளர் குறித்துக்கொண்டார். உலையை இயக்கும் அம்மாள் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

"பம்புக்காரங்க அனுப்பின வரைபடத் தாள்ல அறுநூத்திருபது டிகிரி, நாலு மணி நேரம்னு தெளிவா போட்டிருந்துச்சு. நான் அன்னைக்கே காட்டினேன். 'அதெல்லாம் சாதாரண ஆளுங்களுக்கு, நாம உச்சம் குடுப்போம்'னு சார்தான் சொன்னாரு."

"அப்படி வெச்சா என்ன ஆகும்?" என்று மேலாளர் கேட்டார்.

"செம்புத் துகள் இன்னும் கொஞ்சம் பெருசாகும். எஃகு இளகும். முப்பத்திரண்டுக்கு இறங்கிடும்."

"இறங்கிடுமா?"

"இறங்கினாத்தான் சார் அடி தாங்கும். விறைப்பா நிக்கறது அழகாத்தான் இருக்கும், ஒரு குலுங்கு குலுங்கினா ரெண்டா போயிடும்."

அந்த அம்மாள் தண்டுகளைப் பற்றித்தான் பேசினாள். ஆனாலும் தலைவர் தண்ணீர் எடுத்துக் குடித்தார்.

உடையாத இருபத்தொன்பது தண்டுகளும் தாளில் உள்ளபடியே மறுபடி உலைக்குள் போயின. நான்கு மணி நேரமும் அவர் உலைக்கு முன்னால் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். ஆறவைத்து அளந்தபோது முள் முப்பத்திரண்டில் நின்றது. உலைக்கார அம்மாள் ஒரு தண்டைத் தரையில் வைத்துச் சம்மட்டியால் ஓங்கி ஒன்று போட்டாள். ணங்கென்றது; உடையவில்லை. அவர் இழுப்பறையைத் திறந்து விண்ணப்பத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அனுமதிகூடக் கேட்காமல் வீட்டுக்கு நடந்தார். அவருடைய பணிக்காலத்தில் இது முதல் ஒழுங்கீனம்.

வீட்டில் பெட்டி மூடமாட்டேன் என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தது.

"அப்பா, இது மேல உக்காருங்க. உங்க கனத்துக்கு மூடிடும்," என்றாள் மகள்.

உட்கார்ந்தார். இந்த வீட்டில் அவருடைய கனம் ஒருவருக்குப் பயன்பட்டது அன்றுதான். மகள் ஜிப்பை இழுத்து மூடினாள். அவர் எழுந்திருக்கவில்லை.

"எழுந்திரிங்க, வண்டி வந்துடும்," என்றாள் மனைவி.

"பரிசோதனை முடிவு ஒண்ணு சொல்லணும்."

"இப்பவா?"

"பதினொரு தண்டு உடைஞ்சுது. தண்டு மேல குத்தமில்ல. மூடிவெச்ச ஆள் மேலதான்."

அவள் கைப்பையைக் கீழே வைத்தாள். "எத்தனை மணி நேரம் மூடிவெச்சாராம்?"

"பன்னெண்டு வருஷம்."

மகள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவர் கசங்கிய மாற்றல் விண்ணப்பத்தை எடுத்துப் பெட்டியின் மேல் தன் பக்கத்தில் நீவிவைத்தார்.

"செம்பு இல்லாம இந்த எஃகை எவ்வளவு நேரம் சுட்டாலும் அது இறுகாது, சூடு மட்டும்தான் ஏறும். வேலைக்குச் சேர்ற ஒவ்வொருத்தருக்கும் இதை நான்தான் பாடம் எடுக்கறேன். உன்கிட்ட மட்டும் சொல்லல. நாலு சதவீதம்னு சொல்லி உன்னை நிக்கவெச்சுட்டு, உன் மனசுல என்ன எழுதியிருந்துச்சுன்னு, அந்த வரைபடத் தாளை மாதிரியே, நான் படிச்சுக்கூடப் பாக்கல." குரல் முப்பத்திரண்டுக்கும் கீழே இறங்கியது. "என்னையும் கூட்டிட்டுப் போறியா?"