சர்வேயர் தோற்ற ஞாயிற்றுக்கிழமை

நன்றாக ஆடுகிறவரோடு சேர்ந்து ஆடினால் நம் ஆட்டமும் தானாகத் தேறிவிடும் என்று உலகம் நெடுங்காலமாக நம்பி வருகிறது. இது பிழை. சாதாரணப் பிழை அல்ல, குடும்பத்தையே புரட்டிவிடக்கூடிய பிழை. குடுமியான்மலைப் பாறையில் சங்கீதத்தைப் பற்றி அத்தனை வரி வெட்டிவைத்த பெரியவர்கள், பக்கத்தில் இருப்பவன் பிரமாதமாகப் பாடும்போது நம் தொண்டைக்கு என்ன நேரும் என்றும் ஒரு வரி சேர்த்திருக்கலாம். திருமயத்து ஆவுடையப்பன் கொஞ்சம் எச்சரிக்கையாக இருந்திருப்பார்.

ஆவுடையப்பன் சமஸ்தானத்துச் சர்வே இலாகாவில் முப்பது வருஷம் சங்கிலி பிடித்து நிலம் அளந்து, பென்ஷன் வாங்கியவர். அந்தக் காலத்தில் மதகுகளைப் பார்வையிட வந்த வெள்ளைக்கார என்ஜினீயர் ஒருவர், கப்பலுக்குப் புறப்படும்போது மூட்டையில் அடங்காத தோல்பை ஒன்றை இவர் தலையில் கட்டிவிட்டுப் போனார். உள்ளே ஐந்து கோல்ப் மட்டைகளும் ஒரு டஜன் பந்தும் இருந்தன. கண்மாய் வற்றிய மாதங்களில் ஆவுடையப்பன் அதன் தரையில் ஏழு பிஸ்கட் டின்களைப் புதைத்து, பக்கத்தில் ஏழு குச்சி நட்டு, ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஆடத் தொடங்கினார். ஊர் அதற்குக் குழிப்பந்து என்று பெயர் வைத்தது.

கூட ஆட போஸ்ட்மாஸ்டர் மரியசெல்வம் கிடைத்தார். நல்ல மனிதர், மோசமான ஆட்டக்காரர். நட்பு நீடிக்க இதைவிட உகந்த சேர்க்கை கிடையாது. குழி எந்தப் பக்கம் என்று கண்மாயில் சாணி பொறுக்கும் முனியாயியைக் கேட்டுக்கொண்டுதான் அவர் மட்டையையே ஓங்குவார். ஆவுடையப்பன் ஏழு குழியையும் நாற்பது அடியில் முடித்தால் அவர் எழுபது அடிப்பார். இரண்டு வருஷமாக இந்தக் கணக்கு மாறவில்லை. யுத்தம் வந்து, பந்து மூன்றாகக் குறைந்த பிறகும் மாறவில்லை.

ஆவுடையப்பனுக்கு அந்தச் சந்தோஷம் தேவையாக இருந்தது. வீட்டில் வேறு இல்லை.

அவருக்கு ஒரே பெண், பொன்னுத்தாய். அரிமளத்தில் மாமன் மகன் பெரியண்ணனுக்கே கட்டிக்கொடுத்திருந்தார். கல்யாணமான ஆறாம் மாதம் பெரியண்ணன் வீட்டுப் புஞ்சையில் வரப்புத் தகராறு வந்தது. மாமாவே அளக்கட்டும் என்று இரண்டு பக்கமும் ஒப்புக்கொண்டார்கள். மாமா அளந்தார். மூன்று முழம் பக்கத்துக் காட்டுக்காரனுக்குப் போயிற்று. “மாமா கண்ணு கோணல், அதான் கல்லும் கோணலா நிக்கிது” என்று பெரியண்ணன் ஊர் கேட்கச் சொன்னான். முப்பது வருஷம் கண்ணால் பிழைத்தவரைப் பார்த்துச் சொல்லக்கூடாத சொல் அது. அன்றோடு ஆவுடையப்பன் அரிமளத்துப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

தலைப்பிரசவத்துக்குக்கூடப் பெண்ணை அழைத்து வரப் போகவில்லை. குழந்தை அரிமளத்திலேயே பிறந்து, அன்றைக்கே செத்துப்போயிற்று. அவர் மனைவி செங்கமலம் மட்டும் போய்விட்டு மூன்றாம் நாள் திரும்பி வந்தாள். அழவில்லை, சண்டை போடவில்லை. நேராக அடுப்பங்கரைக்குப் போய் ரசம் வைத்தாள். உப்புக்கூடச் சரியாக இருந்தது. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

அதற்குப் பிறகு பொன்னுத்தாய் எழுதிய கடிதங்களை அவர் உடைக்காமலே திருப்பினார். ‘வாங்க மறுத்தார்’ என்று அவற்றின் மேல் எழுதியது மரியசெல்வத்தின் கை. ஞாயிற்றுக்கிழமை அதே கை தோல்பையைத் தூக்கி வரும். இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

இப்படி நாலு வருஷம் போயிற்று. அந்தச் சித்திரையில் ஒருநாள், இலையில் சோற்றைப் போட்டுக்கொண்டே செங்கமலம் பேச்சை எடுத்தாள்.

“அடுத்த புதன்கெழமை பேத்திக்குக் காது குத்துறாங்க. ஒம்பது மாசம் ஆச்சு. நம்ம போகணும்.”

“நீ போயிட்டு வா.”

“நான் போனா, ஒங்கப்பன் எங்கடின்னு ஊரு கேக்கும். என்னைய இல்ல, அவளக் கேக்கும்.”

ஆவுடையப்பன் தப்பிக்க வழி தேடினார். மூலையில் தோல்பை தெரிந்தது.

“சரி. மரியசெல்வம் என்னைய ஒரே ஒரு தடவ ஜெயிக்கட்டும். மறுநாளே அரிமளம் வாரேன்.”

“நெசமாவா?”

“அளந்து கல்லு நட்டாச்சுன்னு வச்சுக்க.”

“நட்ட கல்லப் பிடுங்கிர மாட்டீங்களே?”

“முப்பது வருஷத்துல ஒரு கல்லப் பிடுங்கினதில்ல.”

செங்கமலம் “சரிங்க” என்று மோரை ஊற்றினாள். இவ்வளவு சுலபமாக ஒரு பெண்பிள்ளை ஒப்புக்கொள்கிறாளே என்று அவர் யோசித்திருக்க வேண்டும். மோர் நன்றாக இருந்ததால் யோசிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர் கிளம்பும்போது அவளே அவருடைய மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் திறந்து, கண்ணாடியை முந்தானையால் துடைத்து, கையில் கொடுத்தாள். “பாத்து ஆடுங்க” என்றாள். கல்யாணமான புதிதில்கூட அவள் இப்படிச் செய்ததில்லை. அவருக்கு நெஞ்சு இளகிவிட்டது. பாவம், என்றுமே ஜெயிக்காதவனை நம்பி உட்கார்ந்திருக்கிறாளே என்று வருத்தமாகக்கூட இருந்தது.

கண்மாயில் கோடை மூட்டம் போட்டிருந்தது. எதுவும் துலக்கமாகத் தெரியவில்லை. மரியசெல்வம் வந்தார். மூக்கின் மேல் ஒரு கண்ணாடி இருந்தது.

“என்ன போஸ்ட்மாஸ்டர், புதுசா?”

“ஒரு புண்ணியவதி குடுத்தாங்கண்ணே. வீட்டுல பழசு சும்மாக் கெடந்துச்சாம். யாரு எவருன்னு சொல்லக்கூடாதுன்னுட்டாங்க.”

ஆவுடையப்பன் பக்கத்தில் போய்ப் பார்த்து, கம்பி நல்ல கம்பி என்று மெச்சினார். அந்தக் காலத்துக் கண்ணாடிகள் எல்லாம் ஒரே அச்சு. வட்டச் சில்லு, மெல்லிய கம்பி. ஒன்றுக்கொன்று வித்தியாசம் கண்டவர் கிடையாது.

மரியசெல்வம் கண்ணாடியை ஏற்றி இறக்கி முதல் குழியைப் பார்த்தார்.

“அண்ணே, குழி அங்கிட்டா இருக்கு?”

“ரெண்டு வருஷமா அங்கிட்டுத்தான் இருக்கு.”

அடித்தார். பந்து சமஸ்தானத்துத் தபால் மாதிரி இல்லாமல் நேராகப் போய்ச் சேர்ந்தது. மூன்றாவது அடியில் டின்னுக்குள் கணீரென்று விழுந்தது. “பலே” என்றார் ஆவுடையப்பன்.

விபரீதம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. அடுத்தவர் ஆட்டத்துக்கு ஒரு ‘பலே’ சொன்னால் நம் கையிலிருந்து ஒரு வீசம் பலம் போய்விடுகிறது. இரண்டாவது ‘பலே’ வாயிலிருந்து வராது, தொண்டையிலிருந்து வரும். மூன்றாவதைத் தலையாட்டலாக மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். அப்புறம் நாம் நம் பந்தை ஆடுவதில்லை, அவர் பந்தை நம் மட்டையால் ஆடப் பார்க்கிறோம். ஆவுடையப்பன் இரண்டாம் குழியில் ஒன்பது அடித்தார். மூன்றாம் குழியில் மண்ணைத்தான் அடித்தார். நாலாம் குழிக் குச்சி அவருக்கு இரண்டாகத் தெரிந்தது. இரண்டுக்கும் நடுவில் அடித்தார்.

கண் சரியில்லை என்று ஒருவரிடம் சொல்லியிருக்கலாம். சர்வேயர் சொல்லுகிற சொல்லா அது? அதுவும் அரிமளத்தில் அந்தப் பேச்சு நடந்த பிறகு? மட்டையைத் துடைத்தார், வேட்டியை மடித்துக் கட்டினார், மூட்டத்தைத் திட்டினார்.

ஐந்தாம் குழியருகே அவர் மட்டையை ஓங்கியபோது முனியாயி கூடையை இறக்கினாள்.

“சர்வேயரய்யா, பந்து இங்கிட்டுக் கெடக்கு. நீங்க அடிக்கப் போறது வெள்ள வெங்கச்சங்கல்லு.”

ஆறாம் குழியில் மரியசெல்வத்துக்கே மனசு கேட்கவில்லை. வேண்டுமென்றே கோணலாக ஒன்று அடித்தார். அது ஒரு மண்கட்டியில் பட்டு, திரும்பி வந்து, டின்னுக்குள் விழுந்தது. “மன்னிச்சுக்கங்கண்ணே” என்றார்.

கடைசியில் போஸ்ட்மாஸ்டர் முப்பத்தாறு, சர்வேயர் அறுபத்தொன்று.

வீடு வரைக்கும் ஆவுடையப்பன் மெதுவாக நடந்தார். மனசு கனத்தது. ஆனால் நாலு வருஷமாகச் சுமந்த கனம் இது இல்லை, வேறு என்று அவருக்குத் தோன்றியது. வாசலில் டிரங்குப் பெட்டி பூட்டித் தயாராக இருந்தது.

“நான் தோத்தேன்னு ஒனக்கு யாரு சொன்னா?”

“யாரும் சொல்லலைங்க. நாளைக்கு மொத பஸ்ஸுல கூட்டமா இருக்கும், வெள்ளனப் போகணும்.”

மறுநாள், பெட்ரோல் கிடைக்காத காலத்துக் கரிவாயு பஸ் புகையைக் கக்கிக்கொண்டு ஊர்ந்தது. கூட ஆடுகிறவன் அபாரமாக ஆடினால் நம் ஆட்டம் ஏன் நாசமாகிறது என்பதை ஆவுடையப்பன் வழிநெடுகச் செங்கமலத்துக்கு விளக்கினார். ‘பலே’யைப் பற்றியும் சொன்னார். அவள் ஒவ்வொரு மைலுக்கும் ஒரு “அப்புடிங்களா” போட்டாள்.

அரிமளத்தில் பெண் வீட்டு வாசலில் இடுப்பில் குழந்தையோடு யாரோ நின்றார்கள். பத்தடி தூரம்தான். முகம் தெரியவில்லை.

“அப்பா” என்றது அந்த உருவம்.

அவர் அங்கேயே நின்றுவிட்டார். செங்கமலம் பெட்டியை இறக்கி, பூட்டைத் திறந்து, ஒரு கண்ணாடிக் கூட்டை எடுத்தாள். அவர் மூக்கிலிருந்த கண்ணாடியைத் தானே கழற்றினாள்.

“இதப் போட்டுக்கிட்டுப் பாருங்க. இதுதான் ஒங்க கண்ணாடி.”

“அப்ப அது?”

“எட்டு வருஷத்துக்கு முந்தினது. இப்ப ஒங்களுக்குப் பத்தாது.”

அவருக்கு மெதுவாக விளங்கியது. “போஸ்ட்மாஸ்டர் போட்டிருந்தது…?”

“பழசு புதுசு மாறிப்போச்சுன்னு சொல்லி நேத்தே திருப்பி வாங்கிட்டேன். பாவம், அவருக்கு ஒண்ணும் தெரியாது. இந்தப் பழசு இனிமே அவருக்கு.” பஸ் திரும்பும்போது அதைக் கண்டக்டர் கையில் கொடுத்துவிட்டாள்.

ஆவுடையப்பன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். நாலு வருஷமும் ஒரே பார்வையில் தெரிந்தது. பொன்னுத்தாயின் கன்னம் ஒட்டியிருந்தது. இருபத்து மூன்று வயதில் முன்நெற்றியில் முடி கொட்டியிருந்தது. அவள் சிரித்தாள். பல்வரிசை மட்டும் பழையபடி இருந்தது.

“கடுதாசி எதுவும் வந்து சேரலையாப்பா?” திரும்பி வந்ததெல்லாம் அவள் பெட்டியில்தான் இருந்தது, இருந்தும் அப்படித்தான் கேட்டாள்.

அவர் கையை நீட்டினார். பொன்னுத்தாய் குழந்தையைக் கொடுத்தாள். குழந்தை அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தது. பிறகு கண்ணாடியைப் பிடுங்கிக் கருங்கல் படியில் போட்டது. இரண்டு சில்லும் நொறுங்கின.

புதுக்கோட்டையிலிருந்து வேறு கண்ணாடி வரப் பதினேழு நாள் ஆயிற்று. அதுவரை ஆவுடையப்பனைக் காலையும் மாலையும் கையைப் பிடித்துக் குளத்துக்குக் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விட்டவன் பெரியண்ணன்.