பாகற்காய் ஒரு பழம்

மாலைநேர ஆங்கில வகுப்பின் ஆசிரியைக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. மேலதிகாரி வகுப்பைப் பார்வையிட்டுத் திருப்தி அடைந்தால் ஆகிவிடும் என்று சொல்லியிருந்தார்கள். அதனால் அன்று சுவரில் இரண்டு புதுப் படங்களை மாட்டினாள். ஒன்றில் பழங்கள், மற்றதில் காய்கறிகள். படிக்க வந்தவர்கள் எல்லாரும் வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளோடு போய் இருக்க நினைத்த பெற்றோர்கள். தேர்ச்சிச் சான்றிதழ் இல்லாமல் அவர்களுக்கு விசா கிடையாது. மகளிடம் போவதற்காக ஆசிரியையின் மாமியாரும் முதல் பெஞ்சில் இருந்தார்.

அதிகாரி வந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொரு காயாகப் பார்த்தவர், தக்காளியிடம் நின்றார்.

"இதுக்குள்ள விதை இருக்காம்மா?"

"இருக்கு சார்."

"அப்போ இது பழம். விஞ்ஞானம் அப்படித்தான் சொல்லுது."

ஆசிரியை தக்காளியைக் கத்தரித்து எடுத்துப் பழங்களோடு ஒட்டினாள். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் எடுத்த காரியத்தைப் பாதியில் விடுவது நிர்வாகத்துக்கு அழகல்ல. விதை இருந்த குற்றத்துக்காகக் கத்தரிக்காய், வெண்டைக்காய், மிளகாய், பாகற்காய் எல்லாம் கட்சி மாறின. கேரட் வேர், கீரை இலை, உருளைக்கிழங்கு பருத்த தண்டு என்று மீதியும் தகுதி இழந்தன. காய்கறிப் படம் வெறும் தாளாயிற்று. 'மேற்படி பொருள் உலகில் இல்லாத காரணத்தால்' காய்கறிப் பாடம் ரத்து செய்யப்படுவதாகச் சுற்றறிக்கை வந்தது.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் மாமியார் பொருமினார்.

"பாகற்காய்னு பேர்லயே காய் இருக்கேம்மா. உங்க ஆபீசருக்குக் கண்ணு தெரியலையா?"

"இங்கிலீஷ்ல அந்தக் காய் இல்லையே அத்தை" என்றாள் மருமகள். சொன்ன பிறகு அவளுக்கே கூச்சமாக இருந்தது.

வாய்மொழித் தேர்வில் பிடித்த பழத்தைக் கேட்டார்கள். மாம்பழம் என்றவர்கள் தேறினார்கள். பச்சை மிளகாய் என்று சொன்ன, ஓய்வுபெற்ற பஸ் டிரைவருக்கு முதல் பரிசு. ஆழ்ந்த புரிதலாம்.

சான்றிதழ் கொடுக்க அதிகாரியே வந்தார். அலுவலக விழாக்களில் பிஸ்கட்டும் டீயும் போய், உடம்புக்கு நல்லதென்று பழத்தட்டு வைப்பது அப்போதைய மோஸ்தர். வாங்கப் போன குமாஸ்தா சுற்றறிக்கையைக் கையோடு கொண்டுபோய், இருந்ததிலேயே மலிவான பழத்தை மூட்டையாக வாங்கி வந்திருந்தார். பச்சைப் பாகற்காய், வட்டவட்டமாக நறுக்கி, ஒவ்வொரு துண்டிலும் பல்குத்தும் குச்சியோடு.

தட்டைப் பார்த்ததும் அதிகாரியின் முகம் ஒரு கணம் வெளுத்தது. ஆனால் சுற்றறிக்கையில் இருந்த கையெழுத்து அவருடையது. ஒரு துண்டை எடுத்து மென்று விழுங்கினார்.

"நல்ல இனிப்பு" என்றார்.

குமாஸ்தாவும் இனிப்பு என்றார். தட்டு வரிசையாக வந்தது. சான்றிதழ்கள் இன்னும் அதிகாரியின் மேசையில்தான் இருந்தன. பஸ் டிரைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு இனிப்பு என்றார். ஆசிரியை மாமியாரை நம்பினாள். கல்யாணமான நாளிலிருந்து தன் சமையலில் ஒரு பண்டத்தைக்கூட நன்றாக இருக்கிறது என்று சொல்லாத நாக்கு அது. இன்றைக்கு இவர்களை ஒரு பிடி பிடிக்கும் என்று காத்திருந்தாள்.

மாமியார் மென்றார். அதிகாரியைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார்.

"வெரி ஸ்வீட் சார்" என்றார், சுத்தமான ஆங்கிலத்தில்.

அதிகாரி தட்டை ஆசிரியையின் பக்கம் திருப்பினார். அவருடைய சட்டைப் பையிலிருந்து அவளுடைய பணி நிரந்தர உத்தரவின் நுனி எட்டிப் பார்த்தது. அவள் இரண்டு துண்டாக எடுத்துக்கொண்டாள்.